அப்பாவின் மறுமணத்துக்குப் பிறகு வீடும் சேமநிதியும்: எதை முதலில் கவனிப்பது?

தோட்டத்துப் பிள்ளை (இழையைத் தொடங்கியவர்)

எல்லாருக்கும் வணக்கம். இது குடும்ப விஷயம்தான். ஆனால் சொந்தக்காரர்களிடம் கேட்டால் மறுநாளே எங்கள் ஊர் சுங்கை சிப்புட் (மலேசியா, பேராக்) முழுக்கத் தெரிந்துவிடும். அதனால் இங்கே கேட்கிறேன்.

அப்பாவுக்கு 69 வயது. சுங்கை சிப்புட் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில் ஒர்க்‌ஷாப் பிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். தோட்ட வீட்டைக் காலி செய்யும் முன்பே அம்மாவும் அவரும் ஊழியர் சேமநிதிப் (இபிஎஃப்) பணத்தை எடுத்து டவுனை ஒட்டிய தாமானில் (குடியிருப்புப் பகுதியில்) ஒரு வீடு வாங்கினார்கள். அம்மா 2018-ல் தவறிவிட்டார். நான் காஜாங்கில் இருக்கிறேன், தங்கச்சி ஜொகூரில். அப்பா தனியாகத்தான் இருந்தார்.

போன வருடம் குலதெய்வம் கும்பிடப் புதுக்கோட்டைப் பக்கம் போனவர், அங்கேயுள்ள உறவினர்கள் பேசி முடித்து ஓர் அம்மாவைத் திருமணம் செய்துகொண்டார். அவருக்கு 52 வயது. கணவரை இழந்தவர், பிள்ளைகள் இல்லை. இப்போது இங்கே தங்குவதற்கான பாஸ் எடுத்து அப்பாவோடு இருக்கிறார். அவரைப் பற்றி நான் தப்பாக எதுவும் சொல்ல வரவில்லை. அப்பா நேரத்துக்குச் சாப்பிடுகிறார், சர்க்கரை மாத்திரையை மறப்பதில்லை.

கவலை வேறு. அந்த அம்மாவின் தம்பி ஊரில் நிலம் வாங்கலாம் என்று கேட்டு, அப்பா 25,000 வெள்ளி (ரிங்கிட்) அனுப்பியிருக்கிறார். இன்னும் கேட்கிறாராம். அப்பாவிடம் இருப்பது இவ்வளவுதான்: வீடு, சேமநிதியில் ஏறக்குறைய 140,000 வெள்ளி, பேங்கில் 60,000 வைப்புத்தொகை, பழைய கூட்டுறவுப் பங்கு கொஞ்சம். 2012-ல் ஓர் உயில் எழுதினார். எல்லாம் அம்மாவுக்கு, அம்மாவுக்குப் பிறகு எங்கள் இருவருக்கும் சமமாக என்று.

அந்த உயில் இன்னும் செல்லுமா? வீட்டின் மேல் நாங்கள் கேவியட் (விற்கவோ பெயர் மாற்றவோ முடியாதபடி நிலப் பதிவில் போடும் தடை) போட முடியுமா? பேங்க் கணக்கில் என் பெயரைச் சேர்த்துக்கொள்வது நல்லதா? தங்கச்சி அப்பாவோடு பேசுவதே இல்லை. அதையும் சொல்லிவிடுகிறேன்.

கிள்ளான் கலா

தம்பி, முதலில் ஏடிஎம் கார்டையும் பேங்க் புத்தகத்தையும் வாங்கி வைத்துக்கொள். அப்புறம்தான் உயில், லோயர் எல்லாம். எங்கள் தாமானிலேயே பார்த்தேன். தாத்தா மாதிரி ஒருவர், வெளிநாட்டுச் சம்பந்தம், ஒரே வருடத்தில் கணக்கு காலி. கடைசியில் பிள்ளைகள்தான் ஆஸ்பத்திரிக் கட்டணம் கட்டினார்கள். மரியாதை பார்த்துக்கொண்டிருந்தால் ஒன்றும் மிஞ்சாது.

பழைய குமாஸ்தா

கலாம்மா சொல்வதைச் செய்யாதீர்கள் தம்பி. புத்தி சுவாதீனத்தோடு இருக்கும் மனிதரின் கார்டை எடுத்து வைத்துக்கொள்ள மகனுக்கு எந்த அதிகாரமும் கிடையாது. அவர் போலீசில் ஒரு ரிப்போர்ட் கொடுத்தால் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்தான்.

ஈப்போவில் லோயர் ஆபீஸில் நிலப் பத்திர வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். லோயர் இல்லை. தெரிந்ததைச் சொல்கிறேன், கையெழுத்துப் போடும் முன் ஒரு லோயரிடம் காட்டிவிடுங்கள்.

2012 உயில் போய்விட்டது. 1959 உயில் சட்டம் 12-வது பிரிவுப்படி, ஒருவர் திருமணம் செய்துகொண்டால் அதற்கு முன் எழுதிய உயில் தானாகவே ரத்தாகும். இன்னாரைத் திருமணம் செய்யப் போகிறேன் என்று அந்த எண்ணத்தோடு எழுதிய உயில் மட்டும்தான் தப்பும். உங்கள் அப்பா 2012-ல் அப்படி எழுதியிருக்க வாய்ப்பில்லை. இதைச் சொன்னால் நிறையப் பேர் நம்ப மாட்டார்கள். லோயர் எழுதினார், முத்திரை இருக்கிறது, இரும்புப் பெட்டியில் பத்திரமாக வைத்திருக்கிறோம் என்பார்கள்.

ஆக, இன்றைய நிலையில் அப்பா உயில் இல்லாதவர். உயில் இல்லாமல் இறந்தால் 1958 பகிர்வுச் சட்டப்படி மனைவிக்கு மூன்றில் ஒன்று, பிள்ளைகளுக்கு மூன்றில் இரண்டு. அப்பாவின் பெற்றோர் உயிரோடு இருந்தால் கணக்கு மாறும். 69 வயது என்றால் பெரும்பாலும் இருக்க மாட்டார்கள்.

கேவியட் பற்றி: அப்பா உயிரோடு இருக்கும்போது அவர் பங்கில் உங்களுக்கு எந்த உரிமையும் இல்லை. நாளைக்கு வாரிசாக வருவேன் என்பது கேவியட் போடப் போதாது. போட்டாலும் அப்பா எடுக்கச் சொல்லி மனு கொடுப்பார், செலவும் உங்கள் தலையில் விழும்.

இரண்டு கேள்வி. திருமணத்தை எங்கே பதிந்தார்கள்? வீட்டின் கெரானில் (நில உரிமைப் பத்திரத்தில்) யார் பெயர் இருக்கிறது?

கிராணி பேரன்

பதிவு செய்யாமல் கோயிலில் தாலி மட்டும் கட்டியிருந்தால் பிரச்சினையே இல்லையே? சட்டப்படி அது திருமணமே இல்லை என்று சொல்வார்கள்.

பழைய குமாஸ்தா

இங்கே மலேசியாவில் கட்டியிருந்தால் நீங்கள் சொல்வதில் நியாயம் உண்டு. 1976 திருமணச் சட்டம் 1982 மார்ச் 1-ல் நடைமுறைக்கு வந்த பிறகு பதிவு கட்டாயம். வெளிநாட்டில் நடந்த திருமணம் அப்படி இல்லை. அந்த நாட்டுச் சட்டப்படி செல்லுமானால் இங்கேயும் ஏற்றுக்கொள்வார்கள். ஆறு மாதத்துக்குள் நம் தூதரகத்திலோ, திரும்பி வந்து இங்கேயோ பதிய வேண்டும் என்பது விதி. பதியவில்லை என்ற ஒன்றுக்காகத் திருமணம் இல்லாமல் போகாது. அந்த அம்மாவுக்குப் பாஸ் கிடைத்திருக்கிறது என்றால் பதிவும் ஆகியிருக்கும். அந்த ஓட்டையை நம்பி உட்கார வேண்டாம்.

தோட்டத்துப் பிள்ளை

ஐயா, சென்னையில் உள்ள மலேசியத் துணைத் தூதரகத்திலேயே பதிந்துவிட்டார்கள். தாத்தா பாட்டி யாரும் இப்போது இல்லை, இரண்டு பக்கமும்.

கெரானில் அப்பா பெயரும் அம்மா பெயரும் பாதிப் பாதி. அம்மா இறந்த பிறகு யாரும் எதுவும் செய்யவில்லை. அம்மாவின் சேமநிதி அப்பா பெயருக்கு எழுதியிருந்தது, அது வந்துவிட்டது. வீட்டை யாரும் கேட்கவில்லை, அதனால் அப்படியே விட்டுவிட்டோம். அம்மா உயில் எழுதவில்லை.

பழைய குமாஸ்தா

தம்பி, கேவியட் கீவியட் எல்லாம் மறந்துவிடுங்கள். உங்கள் வேலை இதுதான்.

அம்மாவின் பாதி இன்னும் அம்மா பெயரில்தான் நிற்கிறது. 2018-லேயே அது அப்பாவுக்கும் உங்கள் இருவருக்கும் சேர வேண்டியதாகிவிட்டது. கணக்குக்காக வீடு 240,000 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். அம்மாவின் பாதி 120,000. அதில் மூன்றில் ஒன்று, 40,000, அப்பாவுக்கு. மீதி 80,000 உங்களுக்கும் தங்கச்சிக்கும் ஆளுக்கு 40,000. ஆக அப்பாவின் பங்கு 160,000, உங்கள் இருவருடையது 80,000. அதாவது வீட்டில் மூன்றில் ஒரு பங்கு இப்போதே உங்களுடையது. யார் யாரைக் கட்டினாலும் அது மாறாது.

அப்பா உயில் இல்லாமல் போனால், அவருடைய அந்த 160,000-ல்தான் மூன்றில் ஒன்று, ஏறக்குறைய 53,300, சின்னம்மாவுக்குப் போகும். முழு வீட்டில் மூன்றில் ஒன்று போகாது. பெரும்பாலான குடும்பங்களில் இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டுதான் சண்டை போடுகிறார்கள்.

அம்மா உயில் எழுதாததால், இந்த அளவுச் சொத்துக்குக் கோர்ட்டுக்குப் போக வேண்டாம். 1955 சிறு சொத்துப் பகிர்வுச் சட்டப்படி நில அலுவலகத்தில் போரம் ஏ என்ற படிவத்தை நிரப்பி மனுக் கொடுக்கலாம். இறப்புச் சான்றிதழ், கெரான் நகல், வாரிசுகளின் ஐசி (அடையாள அட்டை), திருமணப் பத்திரம், உங்கள் பிறப்புப் பத்திரம் வேண்டும். பிச்சாரா (விசாரணை) நாள் கொடுத்து எல்லாரையும் கூப்பிடுவார்கள். அதிகாரி விசாரித்து உத்தரவு போடுவார், அதை வைத்து கெரானில் பெயர் ஏறும்.

தோட்டத்திலிருந்து டவுனுக்கு வந்த குடும்பங்களில் பாதிக்கு மேல் இதே கதைதான் என்பது என் கணிப்பு. வீடு வாங்கியவர்கள் தவறி, பேரப்பிள்ளைகள் காலம் வந்த பிறகும் கெரான் பெயர் மாறியிருக்காது. அதற்குள் வாரிசுகளில் ஒருவர் தவறி, அவர் பிள்ளைகள் ஆஸ்திரேலியாவில் இருப்பார்கள். இப்போது உங்களுக்கு மூன்றே கையெழுத்து.

கிள்ளான் கலா

சரி, வீடு போகட்டும். ரொக்கம்? 140,000-மும் 60,000-மும் அவர் கையில்தானே இருக்கிறது. தம்பிக்காரன் நாளைக்கு இன்னொரு நிலம் என்பான். அதற்கும் போரம் இருக்கிறதா?

கவுன்டர் நாலு

வங்கியில் வேலை செய்கிறேன், எந்த வங்கி என்று கேட்காதீர்கள். கலாக்காவின் கேள்வி நியாயமானது.

இழையைத் தொடங்கியவருக்கு: உங்கள் பெயரைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். இருவரில் யார் கையெழுத்திட்டாலும் போதும் என்று கூட்டுக் கணக்கு திறந்தால், நாளை அந்தப் பணம் அப்பாவுடையதா உங்களுடையதா என்று தங்கச்சியே கேட்பார். அப்பாவுக்கும் வழி காட்டியது போல ஆகும். மகன் பெயரைச் சேர்த்தேன், மனைவி பெயரையும் சேர்க்கிறேன் என்பார்.

அப்பாவே தன் கையால் செய்யக்கூடியது: வீட்டுச் செலவுக்கு ஒரு கணக்கு, அதில் மாதச் செலவுக்கு வேண்டியது மட்டும். ஆன்லைன் பணமாற்ற வரம்பைக் குறைத்து வைக்கட்டும். வைப்புத்தொகையை ஆன்லைனில் உடைக்க முடியாதபடி, கவுன்டருக்கு வந்தால்தான் எடுக்கலாம் என்று கேட்டால் பல வங்கிகள் ஏற்பாடு செய்து தரும். ஒரு முதியவர் தமிழ்நாட்டுக்குப் பெரிய தொகை அனுப்ப கவுன்டருக்கு வந்தால் நாங்களும் இரண்டு கேள்வி கேட்போம். அந்த இரண்டு கேள்வியே சில நேரம் போதும்.

இது மோசடி என்று நான் சொல்லவில்லை. மோசடி என்று தெரிந்தால் உடனே 997. 2022 அக்டோபரில் தொடங்கிய தேசிய மோசடி எதிர்ப்பு மையத்தின் எண். பணம் போன சில மணி நேரத்துக்குள் கூப்பிட்டால்தான் பிடிக்க முடியும், மறுவாரம் கூப்பிட்டுப் பயனில்லை.

இப்போது சேமநிதி. அது உயிலுக்குள் வராது. வாரிசாக யார் பெயரை எழுதியிருக்கிறாரோ அவருக்குத்தான். புதிதாகக் கல்யாணம் செய்தாலும், உயிலில் வேறு எழுதினாலும் அந்தப் பெயர் மாறாது. உங்கள் அப்பா யார் பெயரை எழுதியிருப்பார்?

தோட்டத்துப் பிள்ளை

அம்மா பெயரைத்தான். மாற்றியிருக்க மாட்டார்.

கவுன்டர் நாலு

அதுதான் வழக்கம். வாரிசாக எழுதப்பட்டவர் முதலில் இறந்துவிட்டால் அந்த நியமனம் ரத்து. இப்போது அப்பாவின் சேமநிதிக்கு வாரிசே இல்லை என்று அர்த்தம். ஐசி-யோடு சேமநிதி அலுவலகத்துக்குப் போய்ப் பெருவிரல் ரேகை வைத்தால் அன்றே மாற்றிவிடலாம். எத்தனை பேருக்கு எத்தனை விழுக்காடு என்று பிரித்தும் எழுதலாம். கூட்டுறவுப் பங்குக்கும் இப்படித்தான் சங்கத்தில் பெயர் எழுதியிருப்பார், அதையும் பார்க்கச் சொல்லுங்கள். தோட்டத் தொழிலாளர் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கிய துன் சம்பந்தன் காலத்துப் பங்குகளில் இன்னும் அம்மா அப்பா பெயரே வாரிசாக இருக்கும், பார்த்திருக்கிறேன்.

அப்பாவிடம் ஒன்று மட்டும் எடுத்துச் சொல்லுங்கள். சேமநிதி 2024-க்குக் கொடுத்த லாப ஈவு 6.30 விழுக்காடு. 60 வயது தாண்டினாலும் எடுத்தாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை, 100 வயது வரை வைத்திருக்கலாம். வெளியே எடுத்து வைத்த பணத்துக்குத்தான் சொந்தங்கள் கூடும்.

தைப்பிங் மருமகள்

இவ்வளவு நேரம் படித்துக்கொண்டே இருந்தேன். இனி பேசாமல் இருக்க முடியவில்லை.

நான் சிவகங்கைக்காரி. இங்கே ஒருவருக்கு இரண்டாம் தாரமாக வந்தவள். என் கணவரின் பிள்ளைகள் என்னிடம் நல்லபடியாகத்தான் இருக்கிறார்கள், ஆனாலும் முதல் சில வருடம் எப்படி இருந்தது என்று எனக்குத்தான் தெரியும்.

அந்த அம்மாவின் நிலையை யாராவது யோசித்தீர்களா? பாஸ் புதுப்பிக்கும்போதெல்லாம் கணவர் குடிநுழைவு இலாகாவுக்குக் கூட வர வேண்டும். அவர்தான் ஸ்பான்சர். குடிநுழைவு அனுமதி இல்லாமல் வேலைக்குப் போக முடியாது. நிரந்தரவாசத்துக்கு மனுப் போடவே ஐந்து வருடம் இங்கே இருந்திருக்க வேண்டும். அதற்குள் கணவருக்கு ஏதாவது ஆனால்? 52 வயதில் ஊருக்குத் திரும்பிப் போய்த் தம்பி வீட்டுத் திண்ணையில் உட்கார வேண்டும். அந்தத் தம்பிக்கு இப்போதே பணம் கொடுத்து நல்ல பெயர் வாங்கி வைப்பது ஏன் என்று எனக்குப் புரிகிறது. உங்களுக்குப் புரியாது.

அவருக்கு என்ன கிடைக்கும் என்று அவரிடமே தெளிவாகச் சொல்லிப் பாருங்கள். தொகை சிறியதாக இருந்தாலும் பரவாயில்லை. எனக்கு என் கணவர் சேமநிதியில் ஒரு பங்கு எழுதி வைத்த பிறகுதான் ராத்திரி தூங்கினேன்.

கிள்ளான் கலா

உன் கதை வேறு தங்கச்சி. எல்லாரும் உன் மாதிரி இருப்பார்களா?

தைப்பிங் மருமகள்

எல்லாரும் உங்கள் தாமான்காரி மாதிரியும் இருக்க மாட்டார்கள் அக்கா.

பழைய குமாஸ்தா

தைப்பிங் அம்மா சொன்னதற்குச் சட்டத்திலும் இடம் இருக்கிறது. அப்பா புது உயிலில் மனைவிக்கு ஒன்றுமே வைக்காமல் எல்லாவற்றையும் பிள்ளைகளுக்கு எழுதினால், 1971 குடும்பப் பராமரிப்புச் சட்டத்தின் கீழ் அவர் கோர்ட்டில் நியாயமான பங்கு கேட்கலாம். சொத்தை நிர்வகிக்கும் உத்தரவு கிடைத்த ஆறு மாதத்துக்குள் கேட்க வேண்டும். சுத்தமாக விலக்கி எழுதிய உயில் வழக்கைத்தான் கூப்பிடும். அவருக்கு நியாயமாக இவ்வளவு என்று குறித்து எழுதிய உயில் நிற்க வாய்ப்பு அதிகம்.

அப்பா விரும்பினால் வீட்டில் தன் பங்கைப் பிள்ளைகளுக்கு எழுதி, மனைவி இருக்கும்வரை, அல்லது மறுமணம் செய்யும்வரை, அதில் குடியிருக்கலாம் என்று உயிலில் நிபந்தனை வைக்கலாம். வீடும் போகாது, அவரும் தெருவுக்கு வர மாட்டார். ஆனால் வீட்டுவரி யார் கட்டுவது, கூரை ஒழுகினால் யார் செலவு என்பதையும் சேர்த்து எழுதச் சொல்லுங்கள். அதை எழுதாமல் விட்டு இரண்டு தரப்பும் ஒரு தண்ணீர்க் குழாய்க்காக ஆபீஸில் கத்தியதைப் பார்த்திருக்கிறேன்.

கிராணி பேரன்

இவ்வளவு சுற்ற வேண்டுமா? அப்பா உயிரோடு இருக்கும்போதே தன் பங்கைப் பிள்ளைகளுக்கு மாற்றிவிடலாமே. 2023 ஏப்ரல் 1-லிருந்து பெற்றோர் பிள்ளைகளுக்கு அன்பளிப்பாக வீடு மாற்றினால் முதல் ஒரு மில்லியன் வரை முத்திரைக் கட்டணம் இல்லை. நில உரிமை மாற்றப் படிவமான போரம் 14ஏ-யில் கையெழுத்து, முடிந்தது.

பழைய குமாஸ்தா

முடியும். முடியும் என்பதாலேயே பயமாக இருக்கிறது. மாற்றிய மறுநாள் அப்பா தன் வீட்டில் உங்கள் விருந்தாளி. நாளை உங்களுக்கு விவாகரத்து வந்தால், கடன் வந்தால், அந்த வீடு நடுவில் மாட்டும். எழுதிக் கொடுத்துவிட்டுப் பிள்ளை வீட்டுக்கும் முதியோர் இல்லத்துக்கும் அலைந்தவர்கள் எங்கள் ஆபீஸுக்கு வந்திருக்கிறார்கள், கெரானைத் திரும்ப வாங்க முடியுமா என்று கேட்டு. அப்பாவைப் பாதுகாப்பது பேச்சு என்றால், பிள்ளைகளிடமிருந்தும் பாதுகாக்க வேண்டும். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

இன்னொன்று, மனைவி பெயருக்கு வீட்டை மாற்றிவிடுவாரோ என்ற பயம் இருந்தால்: அவர் குடிமகள் இல்லை. வெளிநாட்டவர் பெயருக்கு நிலம் மாற்ற மாநில அரசின் ஒப்புதல் முன்கூட்டியே வேண்டும். ஒரு சாயங்காலத்தில் நடக்கிற காரியம் கிடையாது.

விவாகரத்து ஆனாலும், கல்யாணத்துக்கு முன்பே வாங்கி முடித்த வீட்டில் பொதுவாகப் பங்கு கேட்க முடியாது. அந்த அம்மா பணமோ உழைப்போ போட்டு வீட்டைக் கணிசமாக மேம்படுத்தியிருந்தால் கேட்கலாம்.

புதுவயல் வாரிசு

நிலம் பற்றி நான் சொல்கிறேன், எங்கள் குடும்பத்தில் இது நடந்தது.

மலேசியக் குடிமகன் இந்தியாவில் விவசாய நிலம் வாங்க முடியாது. ஓசிஐ அட்டை (இந்திய வம்சாவளி வெளிநாட்டவருக்கு இந்தியா கொடுக்கும் அட்டை) எடுத்திருந்தாலும் முடியாது. அந்த அட்டை இருந்தால் வீடு, கடை வாங்கலாம். வயல், தோப்பு, பண்ணை வீடு வாங்க இடமில்லை. ஆகவே உங்கள் அப்பா பணத்தில் வாங்கிய நிலம் யாரோ ஒருவர் பெயரில்தான் பதிந்திருக்கும். மச்சான் பெயரில் என்றால் அது பினாமி. 1988 பினாமி தடைச் சட்டத்தை 2016-ல் கடுமையாக்கினார்கள். அப்படி வாங்கிய சொத்தை என்னுடையது என்று அப்பா கோர்ட்டில் கேட்க முடியாது, அரசு பறிமுதல் செய்யவும் இடமுண்டு. மனைவி இந்தியக் குடிமகள்தான், அவர் பெயரில் வாங்கலாம். கணவன் தன் கணக்கில் காட்டிய பணத்தில் மனைவி பெயரில் வாங்குவதை அந்தச் சட்டம் பினாமியாகப் பார்க்காது.

மச்சானிடம் சண்டை வேண்டாம். சர்வே எண் கேளுங்கள். இருந்தால் தமிழ்நாடு பதிவுத்துறை இணையதளத்திலேயே வில்லங்கச் சான்று போட்டுப் பார்க்கலாம், காஜாங்கில் உட்கார்ந்துகொண்டே. சர்வே எண் வரவில்லை என்றால் நிலமும் இல்லை.

பத்து காஜா வாசகர்

படிக்கிற மற்றவர்களுக்காக ஒன்று. இங்கே சொன்னதெல்லாம் இரண்டு பக்கமும் முஸ்லிம் அல்லாதவர் என்ற கணக்கில்தான். என் பெரியப்பா இந்தோனேசிய முஸ்லிம் பெண்ணை மணந்தார், மதம் மாறினார். அதோடு உயில் சட்டம், பகிர்வுச் சட்டம் எல்லாம் அவருக்குப் பொருந்தாது, ஷரியாப்படிதான். முஸ்லிம் அல்லாத பிள்ளைகள் பராயித் (இஸ்லாமிய வாரிசுரிமை) பங்கில் வர மாட்டார்கள். வசியத் (இஸ்லாமிய உயில்) எழுதினால் மூன்றில் ஒன்று வரைதான். அந்தக் குடும்பங்கள் வேறு ஆலோசனை கேட்க வேண்டும்.

தோட்டத்துப் பிள்ளை

எல்லாருக்கும் நன்றி. இந்த வார இறுதியில் ஊருக்குப் போனேன், நடந்ததை எழுதுகிறேன்.

உயில் என்று ஆரம்பித்ததும் அப்பா, "நான் சாகிறதுக்கு முன்னாடியே பங்கு போட வந்தியா?" என்று எழுந்துவிட்டார். ஐயா சொன்ன அம்மாவின் பாதியைப் பற்றிச் சொன்னபோதுதான் உட்கார்ந்தார். அம்மா ரப்பர் பால் வெட்டிக் கட்டிய சேமநிதியில் வாங்கியது அது. அது இன்னும் அவள் பெயரிலேயே அந்தரத்தில் கிடக்கிறது என்பது அவருக்கே உறைத்தது. போரம் ஏ போடச் சம்மதித்துவிட்டார்.

நான் எதிர்பார்க்காதது சின்னம்மா. நிலத்தின் சர்வே எண்ணை நான் கேட்டதும் அப்பாவுக்கு முகம் மாறியது. சின்னம்மா அடுப்படியிலிருந்து வந்து, தானும் தம்பியிடம் கேட்டதாகவும், அடுத்த மாதம் அடுத்த மாதம் என்றே சொல்வதாகவும் சொன்னார். தம்பிக்கு அங்கே கடன் இருக்கிறதாம். அப்பாவிடம் இதைச் சொல்லப் பயந்திருக்கிறார். அன்றைக்கே வாட்ஸ்அப்பில் தம்பியைக் கூப்பிட்டு அவரே பேசினார். பேசினார் என்றா சொன்னேன்? பக்கத்து வீட்டுக்குக் கேட்டது.

அந்தப் பணம் திரும்பும் என்று எனக்கு நம்பிக்கை இல்லை. ஆனால் இனி எதுவும் அனுப்புவதில்லை என்று அப்பா சொல்லிவிட்டார், அவர் வாயால்.

சேமநிதிக்குச் சின்னம்மாவுக்கு 30 விழுக்காடு, எங்களுக்கு ஆளுக்கு 35 என்று எழுதலாம் என்கிறார். தங்கச்சிக்குப் போனில் சொன்னேன். "30-ஆ?" என்று கேட்டாள். அதற்குப் பிறகு பத்து நிமிடம் அழுதாள். ஆனால் பேசினாள்.

ஒரு சந்தேகம். அப்பாவிடம் பவர் ஆப் அட்டர்னி வாங்கிக்கொண்டால் பின்னால் அவருக்கு மறதி வந்தாலும் நான் பார்த்துக்கொள்ளலாமா?

கவுன்டர் நாலு

முடியாது. அவசியமான நேரத்தில்தான் அது செத்துவிடும். நம் நாட்டில் கொடுத்தவர் சுவாதீனம் இழந்தால் சாதாரண பவர் முடிந்துவிடும். இங்கிலாந்தில் இருப்பது போல மறதி வந்த பிறகும் தொடரும் பவர் இங்கே கிடையாது. பிறகு 2001 மனநலச் சட்டப்படி உயர் நீதிமன்றத்தில் மனுப் போட்டு, சொத்தை நிர்வகிக்க ஒரு குழுவை நியமிக்கச் சொல்ல வேண்டும். நேரமும் பணமும் போகும். அதனால்தான் உயிலையும் வாரிசு நியமனத்தையும் இப்போதே முடிக்கச் சொல்கிறோம்.

பழைய குமாஸ்தா

உயில் எழுதும் அன்று அப்பா தனியாக லோயர் அறைக்குள் போகட்டும். நீங்களும் தங்கச்சியும் வெளியே இருங்கள், சின்னம்மாவும் வெளியே. பின்னால் யாரோ மிரட்டி எழுத வைத்தார்கள் என்று சொல்ல இடம் இருக்கக் கூடாது. சாட்சி இருவர், ஒரே நேரத்தில் கூட இருக்க வேண்டும். உயிலில் பங்கு பெறுபவரோ அவருடைய கணவன் மனைவியோ சாட்சி போட்டால் அவருக்கு எழுதியது போய்விடும். உங்கள் மனைவி, தங்கச்சி வீட்டுக்காரர் இருவரையும் பேனாவைத் தொட விடாதீர்கள். அப்பாவைத் தொடர்ந்து பார்க்கும் டாக்டரிடம் சுவாதீனமாக இருக்கிறார் என்று அந்த வாரமே ஒரு கடிதம் வாங்கி வைத்தால் இன்னும் நல்லது. லோயர் கட்டணம் சுமையாக இருந்தால் ஈப்போவில் வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையத்தில் கேட்டுப் பாருங்கள்.

தோட்டத்துப் பிள்ளை

சரி ஐயா. பிச்சாராவுக்குத் தங்கச்சி ஜொகூரிலிருந்து வந்தே ஆக வேண்டுமா?

பழைய குமாஸ்தா

வர முடியாதவர்கள் எழுத்தில் சம்மதம் கொடுக்கலாம். ஆனால் வரச் சொல்லுங்கள். அதை விடுங்கள், அதைவிட முக்கியமான ஒன்று கேட்க மறந்தேன். வீட்டுக்கு லோன் இருந்ததா? கட்டி முடித்தாச்சா? ஒரிஜினல் கெரான் உங்கள் கையில் இருக்கிறதா?

தோட்டத்துப் பிள்ளை

லோன் அம்மா இருக்கும்போதே முடிந்தது. ஒரிஜினல் கெரானை நான் பார்த்ததே இல்லை. வீட்டில் இருப்பது நகல்தான்.

பழைய குமாஸ்தா

அப்படியென்றால் பேங்கின் சார்ஜ் (அடமானப் பதிவு) இன்னும் கெரானில் ஏறித்தான் இருக்கும். நில அலுவலகத்தில் அதிகாரபூர்வத் தேடல் ஒன்று போட்டுப் பாருங்கள், தெரிந்துவிடும். லோன் முடிந்த கடிதத்தைத் தேடுங்கள். பேங்கிடம் போரம் 16என் கையெழுத்து வாங்கி விடுவிப்பைப் பதிந்தால்தான் கெரான் சுத்தமாகும். கடன் வாங்கிய இருவரில் ஒருவர் இப்போது உயிரோடு இல்லாததால் பேங்க் இறப்புச் சான்றிதழ் கேட்கும், இரண்டு மூன்று பிரதியாக உறுதிசெய்து எடுத்துப் போங்கள். திங்கட்கிழமை அதைத் தொடங்குங்கள், போரம் ஏ கூடவே போகட்டும்.